திருப்பாமல் விட்ட அரைச்சுற்று

“காது என்னுதுதான் தம்பி. மூக்கு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா காது அச்சு அசலா என்னுது.”

ரொட்டிக்கடைக்காரர் யாருடைய காதைப் பற்றியும் கேட்கவில்லை. தன் ஸ்கூட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அந்த ஸ்கூட்டர் ஷெட்டின் நடுவில் ஸ்டாண்டில் நின்றது. அதன் கார்பரேட்டர், பெஞ்சில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கடை கடையாகப் போட வேண்டிய ரொட்டியெல்லாம் அடுப்பை விட்டு இறங்கி அவருக்காகக் காத்திருந்தது.

“அண்ணே, வண்டி...”

“வண்டிக்கென்ன, ஆயிடும். நேத்து ஒரு விசிலடிச்சேன் பாருங்க. பேத்தி சட்டுனு திரும்பிப் பார்த்துச்சு.”

“விசிலடிச்சா எல்லாக் குழந்தையும் திரும்பும்ணே.”

“அதெல்லாம் சும்மா திரும்பறது. இது கேட்டுத் திரும்புது.”

ஷெட்டின் அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றது. “பாவம், அவரை விடுங்க. பால் போட வந்தவரு, குப்பை எடுக்க வந்தவரு, யாரையும் நீங்க காதைக் காட்டாம அனுப்பல” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. பல்லில் கடித்திருந்த நூலோடுதான் பேசினாள்.

ஷெட் இரண்டு பாதி. ஒரு பாதியில் அவர் எஞ்சின் பார்ப்பார். மறுபாதியில் அவள் சீட் கவர் தைப்பாள். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்தது அந்த ஒரு தையல் மெஷின்தான். “மேல உட்கார்ற இடம் என் பொறுப்பு. கீழ ஓடறது அவர் பொறுப்பு. வண்டி நின்னா என்கிட்ட வராதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவருக்கு ‘அரைச்சுத்து’ என்ற பெயர் வந்தது வாடிக்கைக்காரர்களின் எரிச்சலால். அவர் கை வைப்பது டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் மட்டும்தான். எஞ்சினைச் சூடேற்றி, கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் திருகாணியைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்புவார். தலையைச் சாய்த்துக் காதை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தடதடவென்று இருமிக்கொண்டிருந்த எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகி, ஒரு இடத்தில் தேன் வடிகிற மாதிரி ஓடும். சுற்றி நிற்பவர்கள் முகமெல்லாம் மலரும். அப்போதுதான் மனுஷன் அந்தத் திருகாணியை உள்பக்கமாக அரைச்சுற்று திருப்பிவிடுவார். எஞ்சின் மறுபடி கொஞ்சம் மந்தமாகி, தொண்டை கட்டின மாதிரி ஆகிவிடும்.

“நல்லா இருந்ததை ஏன்ணே கெடுத்தீங்க?” என்று கேட்காத ஆளே கிடையாது.

“ஸ்டாண்டுல நின்னு பாடற வண்டி ரோட்டுல பாடாது, கத்தும். நீங்க தினமும் ரோட்டுல போற ஆளு” என்பார்.

உள்ளே திருப்பினால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். எண்ணெய் குறைந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே பிஸ்டன் சூடேறி உப்பி, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். சோடாக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனதை அரைச்சுத்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்த மனிதர் இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அதற்கப்புறம் அரைச்சுத்து எந்த வண்டியையும் இனிமையாக ஓடும்படி விட்டதில்லை. வந்த வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “எண்ணெய் பத்தல” என்று சண்டைக்கு நிற்பார். புகைகிறது என்று யாராவது முகம் சுளித்தால், “மூச்சு விடுற ஆளு மூச்சு விடத்தான் செய்யும்” என்பார்.

அப்படிப்பட்ட ஆள்தான் நேற்று சாயங்காலம் ஒரு காரியம் செய்திருந்தார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவருக்கு ஒரே மகள். ஊரின் கீழ்க்கோடியில், நீண்ட இறக்கம் முடிகிற இடத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை கிடைத்தபோது அவளுக்காக ஓட்டை உடைசல் வண்டிகளிலிருந்து பொறுக்கி எடுத்து ஒரு பச்சை ஸ்கூட்டரை அவரே கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த மகள், லீவு முடிந்து இன்றைக்குத்தான் முதல் நாள் வேலைக்குப் போகவேண்டும். இத்தனை மாதம் சும்மா நின்ற வண்டியைப் போன வாரம் வாசலில் வைத்து உதைத்தபோது குபுகுபுவென்று வந்த புகை நேராக ஜன்னல் வழியாக உள்ளே போனது. பேத்தி இருமியது. ரெண்டே ரெண்டு இருமல். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அரைச்சுத்துக்கு அந்த ரெண்டு இருமலும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டன.

நேற்று அவர் டேங்கைக் காலி பண்ணிவிட்டு, கொஞ்சம் பெட்ரோலில் பேருக்கு அரை மூடி எண்ணெய் கலந்து ஊற்றினார். எவ்வளவு குறைவாகப் புகைக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் என்றுதான். திருகாணியை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். அந்தத் தேன் வடிகிற இடம் வந்தது. புகை என்று பேருக்கு ஒரு நூல். ஜன்னலுக்கு உள்ளே பாட்டியின் மடியில் கிடந்த குழந்தை, அந்தச் சீரான சத்தத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப் போனது. மனுஷன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அரைச்சுற்றைத் திருப்பிவிட அவருக்கு மனசு வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம், மகள் குழந்தைக்கு இரண்டாவது தடவை பால் கொடுத்துவிட்டுத்தானே கிளம்புவாள் என்று வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.

“தம்பி, கொஞ்சம் பொறுங்க. மகள் வண்டியில ஒரு சின்ன வேலை இருக்கு. அதை முடிச்சுட்டு உங்களுதை மாட்டித் தர்றேன்” என்று ரொட்டிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, டேங்கைக் காலி பண்ண ஒரு கேனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

வாசலில் வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு சொட்டுக் கறை மட்டும் இருந்தது.

“வண்டி எங்க?”

“அவ போயிட்டா” என்றாள் மனைவி, மெஷினை மிதித்தபடி.

“போயிட்டாளா? எப்ப? சத்தமே கேக்கலியே!”

“இப்பத்தான், நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தப்ப. புள்ளை அப்பத்தான் கண்ணசந்துச்சு. முழிச்சு என் முகத்தைப் பார்த்துச்சுன்னா என்னால கிளம்ப முடியாதும்மான்னு அழ ஆரம்பிச்சுட்டா. சத்தம் போட்டா முழிச்சுக்கும்னு தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போய் அங்க ஸ்டார்ட் பண்ணிக்கிட்டா. பாவம்...” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னங்க? ஏன் இப்படி நிக்கிறீங்க?”

அவர் கையிலிருந்த கேன் கீழே விழுந்து உருண்டது.

“அதுல எண்ணெய் இல்ல.”

“என்ன எண்ணெய்?”

“பெட்ரோல்ல எண்ணெய் இல்ல. அரை மூடிதான் போட்டேன். புகை வரக்கூடாதுன்னு... பாப்பாவுக்கு... ஸ்க்ரூவும் திறந்தே இருக்கு. காலையில மாத்திடலாம்னு...”

தையல் மெஷின் நின்றுவிட்டது.

“இறக்கத்துல போவாளே” என்றாள் மனைவி.

அவளுக்கும் தெரியும். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குடித்தனம் பண்ணியவள். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். இறக்கத்தில் யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார்கள். சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் போகாது. இருக்கிற அரை மூடி எண்ணெயும் போகாது. வளைவு வளைவாக இறங்கும் ரோடு. ஒரு பக்கம் கல் சுவர். எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவரும் பஸ்கள். முன்னால் போகிற ஒரு பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் பின்சக்கரம் நின்றுவிட்டால்?

“புள்ளைக்கு ரெண்டு இருமல் வந்துச்சுன்னு, பெத்த பொண்ணை இப்படியா அனுப்புவீங்க!”

“போன் பண்ணு. போன் பண்ணு.”

அவள் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரொட்டிக்கடைக்காரரும் நம்பரைக் கேட்டுத் தன் போனில் அழைத்தார். “எடுக்க மாட்டேங்குதே அண்ணே.”

“எடுக்க மாட்டா. வண்டி ஓட்டறப்ப போனைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிரணும்னு நான்தானே கத்திக் கத்தி...” வாக்கியத்தை முடிக்காமல் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஷெட்டில் நின்ற வண்டிகளில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. ஒன்றுக்கு எஞ்சினே இல்லை. பெரிய ரோட்டுக்கு ஓடிப்போய் யாரையாவது கெஞ்சி ஏறுவதற்குள் அவள் இறக்கத்தைத் தொட்டுவிடுவாள். ஓடக்கூடிய வண்டி என்று இருந்தது ரொட்டிக்கடைக்காரருடையது ஒன்றுதான். அதன் உயிரோ வெள்ளைத் துணியில் பிரிந்து கிடந்தது.

அவர் பெஞ்சின் முன்னால் குனிந்தார்.

வழக்கமாக அந்தக் கைகள் கண்ணை மூடிக்கொண்டு கார்பரேட்டர் மாட்டும். இன்றைக்கு விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மிதவையை வைத்தார், அதன் ஊசி நழுவியது. மறுபடி வைத்தார். பெட்ரோல் போகிற ஜெட்டை எடுத்தார். பித்தளையில் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது. அது விரலிலிருந்து துள்ளித் தரையில் விழுந்து, எங்கேயோ ஒரு தரம் ‘டிங்’ என்றது. அப்புறம் சத்தமில்லை.

“அய்யோ!”

மனைவி ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து தரையில் தேய்த்தாள். பழைய ஆணி வந்தது, குண்டூசி வந்தது, உடைந்த வாஷர் வந்தது.

“பித்தளைடி அது! காந்தத்துல ஒட்டாது!”

“கத்தாதீங்க, புள்ளை தூங்குது!” என்று அவளும் கத்தினாள். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் தரையைத் தடவிக்கொண்டே போனாள். துணிக் குப்பையும் நூல் நுனியும் நிறைந்த அவள் பாதித் தரையை அவள் கால் அறியும். மெஷினின் பெடலுக்கு அடியில் கால் பெருவிரல் நின்றது. “இந்தாங்க.”

அதைத் திருகி, கிண்ணத்தை மாட்டி, கேபிளைக் கோத்து, ரப்பர் குழாயைச் செருகினார். டியூன் பண்ண நேரமில்லை. உதைத்தார். எழவில்லை. உதைத்தார். இருமிவிட்டு நின்றது. மூன்றாவது உதையில் அலறிக்கொண்டு கிளம்பியது. கையை விட்டால் நின்றுவிடும் போலிருந்தது. முறுக்கிப் பிடித்தபடியே ஏறினார். ரொட்டிக்கடைக்காரர் கேட்காமலே பின்னால் ஏறினார். அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு தரம் முனகித் தாழ்ந்தது.

“நீங்க எதுக்கு தம்பி?”

“போன் அடிக்க ஆள் வேணாமாண்ணே? போங்க, போங்க!”

மனைவி ஓடி வந்து எண்ணெய் பாட்டிலை ரொட்டிக்கடைக்காரரின் கையில் திணித்தாள். கணவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. “கூட்டிட்டு வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

வண்டிக்கு ஓட மட்டும்தான் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. கூட்டத்தில் வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் சாகப் பார்த்தது. பிடித்தால் பறந்தது. காய்கறிக் கடைகளுக்கு நடுவில் அரைச்சுத்து ஒரு கையால் ஹாரனை அமுக்கி, மறுகையால் முறுக்கிக்கொண்டே போனார். யாரோ திட்டினார்கள். யாரோ, “அரைச்சுத்துக்கு என்ன ஆச்சு, முழுச்சுத்தா போறாரு!” என்று சிரித்தார்கள்.

“எடுத்துச்சா?”

“அடிக்குது அண்ணே. எடுக்கல.”

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. நிழற்குடைக்குக் கீழே நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் அரைச்சுத்திடம் வண்டி விடுகிறவர்தான். அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

“சார், என் மகள்... பச்சை ஸ்கூட்டர்... பார்த்தீங்களா?”

“இப்பத்தாங்க போச்சு. நானே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். என்னமா வச்சிருக்கீங்க வண்டியை! துளிப் புகை இல்ல. சத்தம் அப்படியே வீணை மாதிரி இருக்கு. என் வண்டியை மட்டும் ஏன் தொண்டை கட்டின மாதிரியே தர்றீங்க?”

இத்தனை காலத்தில் அரைச்சுத்தின் ஒரு வேலையையும் யாரும் இந்த அளவுக்குப் புகழ்ந்ததில்லை.

“சார், விடுங்க சார், விடுங்க!” என்று பின்னாலிருந்து ரொட்டிக்கடைக்காரர் எண்ணெய் பாட்டிலை ஆட்டிக் கத்தினார். போலீஸ்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் குறுக்கே வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்திவிட்டார்.

இறக்கம் ஆரம்பித்தது.

அங்கேயிருந்து அரைச்சுத்து காதைத் தீட்டிக்கொண்டார். தலையைச் சாய்த்துக்கொண்டார். கண் ரோட்டில் இருந்தது, காது வேறெங்கோ இருந்தது. இத்தனை பஸ், இத்தனை லாரி, தன் கீழே அலறும் இந்த வண்டி, இத்தனைக்கும் நடுவில் பச்சை ஸ்கூட்டரின் சத்தத்தைத் தேடினார். அதன் சத்தம் அவருக்கு மகளின் குரல் மாதிரி. எத்தனை பேர் கூடிப் பேசினாலும் பிரித்து எடுத்துவிடுவார். இப்போது கேட்கவில்லை. ஓடினால்தானே கேட்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உதறினார். அது போகவில்லை.

இறக்கத்தில் சும்மா உருள வேண்டிய வண்டியை அவர் விட்டு விட்டு முறுக்கிக்கொண்டே இருந்தார். அது ஒவ்வொரு தடவையும் புகையைக் கக்கி முன்னால் பாய்ந்தது.

“இறக்கத்துல ஏன்ணே முறுக்கறீங்க? உயிரே போகுது!”

“அது எண்ணெய் குடிக்கணும் தம்பி. குடிக்கலேன்னாதான் உயிர் போகும்.”

முதல் வளைவு. ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தாண்டினார். வெறும் ரோடு.

அதற்கடுத்த வளைவுக்குச் சற்று முன்னால், ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது.

ரப்பர் தேய்ந்த கோடு. புதுசு. ஒற்றைச் சக்கரத்தின் அகலம். சக்கரம் சுழலாமல் இழுபட்டால்தான் அப்படி விழும். அரைச்சுத்துக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரொட்டிக்கடைக்காரருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் கை அரைச்சுத்தின் தோளை இறுகப் பிடித்தது. கோடு ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளைந்தது. கல் சுவரைப் பார்த்துப் போனது. அப்புறம், சுவருக்குக் கை எட்டும் தூரத்தில், சட்டென்று அறுந்து போயிருந்தது.

வளைவு திரும்பினார்.

பச்சை ஸ்கூட்டர் சுவரோரம் ஸ்டாண்டில் நின்றது. சுவரின் மேல், வெள்ளை உடுப்பில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் துள்ளி இறங்கி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா! பாப்பாவுக்கு என்னப்பா? பாப்பாவுக்கு என்ன ஆச்சு?”

அவர் வண்டியை நிறுத்தக்கூட மறந்துவிட்டார். கை விட்டதும் அதுவே நின்றது.

“பாப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. தூங்குது. உனக்கு... உனக்கு எங்கயாவது அடி?”

“அப்புறம் ஏம்ப்பா இப்படி அழுதுக்கிட்டு வர்றீங்க?”

அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த கிரீஸ் முகத்தில் அப்பியதுதான் மிச்சம்.

அவளைக் கையை நீட்டச் சொல்லி, காலை மடக்கச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லி, அரைச்சுத்து மகளை ஒரு வண்டியைச் சோதிப்பது மாதிரி சோதித்தார். “அப்பா, நான்தான் நர்ஸ்” என்றாள் அவள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அரை மூடி எண்ணெய், திருகாணி, ஜன்னல், இருமல். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது மகளைப் பார்க்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடு பாதியில நிக்குதே. எப்படிம்மா?”

“கிளட்சைப் பிடிச்சுட்டேன். எஞ்சினை விட்டுட்டுச் சக்கரம் தனியா உருண்டுச்சு. கொஞ்சம் முன்னாடியிருந்தே விரலை கிளட்ச் மேலதான் வச்சிருந்தேன். சந்தேகமாவே இருந்துச்சு.”

“என்ன சந்தேகம்? ஏதாவது சத்தம் வந்துச்சா? இரும்பு உரசற மாதிரி?”

“இல்லப்பா. சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு.” அவள் ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “பாட்டு மாதிரி இருந்துச்சு. நீங்க எந்த வண்டியையும் இவ்வளவு நல்லா விட மாட்டீங்களே. அதுவும் என் வண்டியை. சிக்னல்ல நிக்கறப்பவே, இது அப்பா முடிச்ச வண்டி இல்லன்னு தோணுச்சு. வீட்டுக்குத் திரும்பிடலாமான்னு கூட நினைச்சேன். திரும்பினா பாப்பாவைப் பார்ப்பேன், அப்புறம் இன்னிக்கு வேலைக்குப் போக மாட்டேன். அதான் மெதுவா வந்தேன்.”

ரொட்டிக்கடைக்காரர் சுவரில் சாய்ந்து, எண்ணெய் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். “அண்ணே, இனிமே என் வண்டியை எவ்வளவு மோசமா வேணும்னாலும் வச்சுக் குடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

மகள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது.

அரைச்சுத்து ரொட்டிக்கடைக்காரரின் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். விரல் இப்போது பேச்சைக் கேட்டது. அலறிக்கொண்டு வந்த அந்த வண்டியை மறுபடி எழுப்பி, தணித்து, நிற்கப் பழக்கி, வெளிப்பக்கம் திருப்பித் திருப்பி அந்த நல்ல இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நொடிகூட அங்கே நிற்க விடவில்லை. உடனே உள்ளே அரைச்சுற்று.

“தம்பி, இவளை ஆஸ்பத்திரியில இறக்கிவிட்டுடுங்க. மெதுவா போங்க. இறக்கம் முடியற வரைக்கும் அப்பப்ப ஒரு முறுக்கு குடுங்க.”

“ரொட்டி கெடக்குதுண்ணே கடையில...”

“ஆறின ரொட்டிதான் அறுக்க நல்லா வரும்னு நீங்களே சொல்வீங்களே.”

“அது நான் வாங்க வர்றவங்களுக்குச் சொல்றதுண்ணே!” என்றபடியே எண்ணெய் பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். மகள் பின்னால் ஏறும்போது, “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். அரைச்சுத்து இல்லை என்று தலையாட்டினார். அவளே போனை எடுத்து, “அம்மா, நான்தான். நல்லா இருக்கேன். பாப்பா முழிச்சுதா?” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவர்கள் வளைவில் மறைந்து, அந்தத் தொண்டை கட்டின சத்தமும் தேயும் வரை அரைச்சுத்து நின்றார். பிறகு கல் சுவருக்குப் பக்கத்தில் போய், கறுப்புக் கோடு அறுந்த இடத்திலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று கையை நீட்டிப் பார்த்தார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிக்கரை உதைக்காமல் கையால் மெல்ல மெல்ல அமுக்கினார். முதலில் கல் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் வழிவிட்டது. பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கும், சாயங்காலம் பிரித்துப் பார்க்கவேண்டும். டேங்கில் எண்ணெய் ஊற்றினார். அளவு மூடியால் ஊற்றியவர், அது போதாதென்று இன்னும் கொஞ்சம் விட்டார். வண்டியை இடமும் வலமுமாகச் சாய்த்துக் குலுக்கினார். நேற்று திருப்பாமல் விட்ட அரைச்சுற்றைத் திருப்பினார். உதைத்தார். குபுகுபுவென்று புகை கிளம்பி அவரையே மூடியது. அதற்குள் நின்றபடி கண்ணெரிய அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டில் மெதுவாக ஏறி வந்தார். நாற்சந்தியில் போலீஸ்காரர் புகையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, அதுக்குள்ள கெடுத்துட்டீங்களா?” என்று கேட்டார். “சரி பண்ணிட்டேன் சார்” என்றார்.

மனைவி வாசலில் நின்றாள். தோளில் பேத்தி, முழித்துக்கொண்டு, எதையோ கவனமாகக் கேட்பது மாதிரி தலையைத் திருப்பி. தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டது, அங்கேயே நின்றும் போனது. மனுஷன் இறங்கி, பச்சை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருவின் முழு நீளமும் நடந்து வந்தார். வேர்த்துக் கொட்டியது.

அவள் வண்டியைப் பார்த்தாள். அவர் முகத்து கிரீஸைப் பார்த்தாள்.

“ஓட மாட்டேங்குதா?”

“ஓடுது.”

“ஓடற வண்டியை எதுக்குத் தள்ளிட்டு வர்றீங்க?”

அவர் பேத்தியை வாங்கக் கையை நீட்டினார். அவள் தரவில்லை. கழுவிட்டு வாங்க என்று கண்ணாலேயே குழாயைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மூச்சு வாங்கியபடி சொன்னார்:

“தெருவுக்குள்ள தினமும் நானே தள்ளிக்கிறேன். ரோட்டுல அது நல்லாப் புகை விட்டுக்கிட்டுப் போகட்டும்.”